விமானம் எந்த ஊருக்கு வருகிறது? திருச்சியை முன்வைத்து

திருச்சி விமான நிலையத்தில் இரவு ஏறஏறத்தான் கூட்டம் கூடும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா என்று புறப்பாட்டுப் பலகையில் வெளிநாட்டு ஊர்களின் பெயர்கள் வரிசை கட்டும். வழியனுப்ப வந்தவர்கள் பட்டுக்கோட்டையிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வேன் பிடித்து வந்திருப்பார்கள். கயிறு கட்டிப் பெயர் எழுதிய அட்டைப் பெட்டிகள், தூங்கி வழியும் குழந்தைகள், கடைசி நிமிடம்வரை கைப்பேசியில் ஏஜென்டோடு பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்கள். இந்தியாவின் பெரும்பாலான நடுத்தர நகரங்களில் விமான நிலையம் என்றால் மும்பைக்கும் பெங்களூருவுக்கும் போகிறவர்களின் இடம். திருச்சியில் கணக்கு தலைகீழ். உள்நாட்டுப் பயணிகளைவிடப் பன்னாட்டுப் பயணிகள் அதிகமாக இருக்கும் மிகச் சில இந்திய விமான நிலையங்களில் இது ஒன்று.

கோயம்புத்தூர் இதைவிடப் பெரிய தொழில் நகரம். மதுரையின் பெயர் உலகத்துக்குத் தெரிந்த பெயர். ஆனால் மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவுக்கு வர முடிவு செய்து முதன்முதலில் இறங்கிய ஊர் திருச்சி. ஆண்டு 2008, மாதம் டிசம்பர். சென்னை, கொச்சி, பெங்களூரு எல்லாம் அதற்குப் பிறகுதான். வியட்நாமின் வியட்ஜெட் 2023 நவம்பரில் ஹோ சி மின் நகரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் சேவை தொடங்கியபோதும் திருச்சியில்தான் இறங்கியது. அதே திருச்சிக்கு எமிரேட்ஸ் வருவதில்லை, கத்தார் ஏர்வேஸ் வருவதில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானோரின் ஊர்ப்புறம் இது என்று தெரிந்தும் வருவதில்லை.

ஒரு நிறுவனம் வருவதையும் இன்னொன்று வராததையும் தீர்மானிப்பது எது என்பதுதான் இந்த உரையின் பொருள். பயணிகளின் எண்ணிக்கை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதிக் காரணம். மீதிப் பாதி தில்லியில் எழுதப்பட்ட ஒரு பட்டியலிலும், சென்னையில் விதிக்கப்படும் ஒரு வரியிலும், விமான நிறுவனங்களின் திட்டப் பிரிவுகளில் போடப்படும் நிமிடக் கணக்கிலும் இருக்கிறது.

முதலில் பயணிகள். காவிரிக் கரையிலிருந்து கடல் கடந்து போகும் பழக்கம் விமானத்துக்கு முன்பே ஊறியது. 1926-இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. கப்பலில் போன குடும்பங்கள் போவதை நிறுத்தவில்லை, வழியை மாற்றிக்கொண்டன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு நடுவில், சாலைகளும் ரயில் பாதைகளும் சந்திக்கும் இடத்தில் திருச்சி இருந்தது.

வான்வழியும் இந்த ஊருக்குப் புதிதில்லை. டாடா நிறுவனத்தின் கராச்சி–சென்னை அஞ்சல் விமானம் 1938-இல் கொழும்புவரை நீண்டபோது, இடையில் இறங்கிய ஊர் திருச்சிராப்பள்ளி. பிற்காலத்தில் இலங்கை நிறுவனத்தின் விமானங்களும் திருச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஆக, தேவை எப்போதும் இருந்தது. ஆனால் தேவை இருக்கும் இடமெல்லாம் விமானம் வந்துவிடுவதில்லை.

கடைத்தெருவில் கடை போடுவதுபோல் ஒரு வெளிநாட்டு நிறுவனம் நினைத்த ஊரில் வந்து இறங்கிவிட முடியாது. இரண்டு நாடுகளும் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்கள் என்று ஒப்பந்தம் போடுகின்றன. அந்த ஊர்ப்பட்டியலைத் துறைக்காரர்கள் ‘பாயிண்ட் ஆஃப் கால்’ என்பார்கள். பட்டியலில் ஊர்ப்பெயர் இல்லையென்றால், ஓடுதளம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், பயணிகள் எத்தனை ஆயிரம் பேர் காத்திருந்தாலும், அந்த நாட்டு விமானம் அங்கே இறங்க முடியாது.

திருச்சியின் தலையெழுத்தை மாற்றிய பட்டியல் 2003-இல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்தோனேசியாவின் பாலியில் நடந்த ஆசியான்–இந்தியா மாநாட்டையொட்டி, பிரதமர் வாஜ்பாய் தென்கிழக்காசிய நாடுகளுக்கு ஒரு சலுகை அறிவித்தார். நான்கு பெருநகரங்களுக்கு அந்த நாட்டு நிறுவனங்கள் நாள்தோறும் ஒரு விமானம் இயக்கலாம். அதற்கு மேல், சுற்றுலாவை முன்னிட்டு 18 ஊர்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் இயக்கலாம். கயா, வாரணாசி, கஜுராஹோ, கோவா, ஜெய்ப்பூர், கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, அமிர்தசரஸ் என்று போகும் அந்த வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே ஊர் திருச்சிராப்பள்ளி. மதுரை இல்லை. கோவையும் இல்லை.

பதினெட்டு ஊர்களைத் தேர்ந்தவர்கள் மனத்தில் திருவரங்கத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் காண வரும் வெளிநாட்டவர்தான் இருந்திருப்பார்கள். வந்து சேர்ந்தவர்களோ பெரும்பாலும் வேறு ஆட்கள்: சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், மலேசியாவில் உறவினர் திருமணத்துக்குப் போகும் குடும்பங்கள், துணிமணியும் மின்சாதனமும் கொண்டுவந்து விற்றுப் பிழைக்கும் ‘குருவிகள்’. சுற்றுலாவுக்காகத் திறந்த கதவு உழைப்பாளர்களின் வாசலாயிற்று. ஏர் ஏசியா, டைகர் ஏர்வேஸ், அதை உள்வாங்கிய ஸ்கூட், மலிண்டோ என்று வந்தவை எல்லாம் குறைந்த கட்டண நிறுவனங்களாக இருந்தது தற்செயல் அன்று. எத்தனை விமானம் வேண்டுமானாலும் என்பதால், ஒரு நிறுவனம் கட்டணத்தை ஏற்றினால் இன்னொன்று கூடுதல் விமானம் விட்டுப் பயணிகளை இழுத்துக்கொள்ள முடிந்தது. போட்டி என்பது இதுதான். மதுரைக்குச் சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் வராததற்கும் கோவில் நகரத்தின் பெருமை குறைந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதன் பெயர் அந்தப் பதினெட்டில் இல்லை, அவ்வளவுதான்.

அனுமதி இருந்துவிட்டால் மட்டும் விமானம் வந்துவிடுமா? அங்கேதான் நிறுவனத்தின் கணக்கு தொடங்குகிறது. 180 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 தரையில் நின்றால் காசு கரையும். குத்தகைத் தொகை பறந்தாலும் நின்றாலும் கட்டியாக வேண்டியது. அதனால் இறங்கிய விமானத்தை அரைமணி, முக்கால் மணி நேரத்தில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரமாவது அது வானில் இருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய நான்கு மணிநேரப் பயணம். பகலில் உள்ளூர்ச் சேவைகளை முடித்துவிட்ட விமானத்தை மாலையில் அனுப்பினால் நள்ளிரவுக்குள் இங்கே தொட்டுவிட்டு விடியலுக்குள் அது திரும்பிவிடலாம். சும்மா நிற்க வேண்டிய இரவு நேரம் வருமானமாகிறது. திருச்சியின் இரவுக் கூட்டத்துக்குக் காரணம் இந்தக் கணக்கு.

விமானத்தின் வயிற்றுப் பகுதியும் சம்பாதிக்கிறது. காய்கறி, பழம், பூ என்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் திருச்சியிலிருந்து நாள்தோறும் சரக்கு போகிறது. மாலையில் கட்டிய மல்லிகையும் முருங்கைக்காயும் மறுநாள் காலை லிட்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிடும். பயணிகள் சற்றுக் குறைந்த நாளில் அந்தச் சரக்குக் கூலி விமானத்தைக் காப்பாற்றும்.

இனி எரிபொருள். இந்தியாவில் ஒரு விமான நிறுவனத்தின் இயக்கச் செலவில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு எரிபொருளுக்கே போகும். அதன் மீது மாநிலங்கள் மதிப்புக் கூட்டு வரி விதிக்கின்றன, ஜி.எஸ்.டி. வந்த பின்னும் அது மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் வரி பல ஆண்டுகளாக 29 விழுக்காடு. நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. வெளிநாடு செல்லும் விமானத்துக்கு இந்த வரி கிடையாது. ஆகவே திருச்சியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு விமானங்களில், சிங்கப்பூர் போவது வரியில்லாத எரிபொருளை நிரப்பிக்கொள்ளும்; அதே அளவுள்ள இன்னொன்று மும்பைக்குப் போவதென்றால் 29 விழுக்காடு வரியோடு நிரப்ப வேண்டும். கேரளம் தன் வரியை 5 விழுக்காட்டுக்குக் குறைத்தது. கொச்சியில் கூடுதலாக நிரப்பிச் சுமந்துகொண்டு வருவது தமிழ்நாட்டில் நிரப்புவதைவிட லாபம் என்றால் நிறுவனங்கள் அதைத்தான் செய்யும். வரி வசூலும் போயிற்று, விமானமும் கனத்தது.

சிறிய விமானங்களுக்கு மட்டும் சட்டம் இரக்கம் காட்டுகிறது. 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களுக்கு விற்கும் எரிபொருளுக்கு மாநிலங்கள் பெரிய வரி போட முடியாதபடி மத்திய விற்பனை வரிச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில், 80 இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணமும் இல்லை. இண்டிகோவின் ஏடிஆர் விமானத்தில் 78 இருக்கைகள். சென்னை–திருச்சி வானில் ஏன் இறக்கையில் சுழல்விசிறி வைத்த சிறிய விமானங்களே அதிகம் தெரிகின்றன என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. அதோடு ரயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் நான்கு மணி நேரத்தில் சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்துவிடுகிறது. விமானப் பயணத்தில் வீட்டிலிருந்து மீனம்பாக்கம், சோதனை, காத்திருப்பு எல்லாம் கூட்டினால் மிஞ்சும் நேரம் கொஞ்சம்தான். அந்தத் தடத்தில் பெரிய விமானங்களை நிரப்பப் போதிய ஆட்கள் இருப்பார்களா என்று நிறுவனங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

வளைகுடா விஷயத்தில் அந்த நியாயம் இல்லை.

2024 அக்டோபர் 11-ஆம் தேதி மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி வானில் சுற்றி எரிபொருளைக் குறைத்துக்கொண்டு பத்திரமாகத் தரையிறங்கியது. தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. விமானிகளைப் பாராட்டாதவர் இல்லை, பாராட்ட வேண்டியதும்தான். அன்று கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பயணிகளுக்குத் திருச்சியிலிருந்து வளைகுடா போக எத்தனை நிறுவனங்கள் இருந்தன? ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நெடுங்காலம் ஏறக்குறைய தனியாகவே அந்த வானில் இருந்தது. 2024-இல் இண்டிகோ அபுதாபிக்குத் தொடங்கியது. இரண்டும் இந்திய நிறுவனங்கள். வளைகுடா நாட்டு நிறுவனங்களில் ஒன்றும் வரவில்லை. காவிரி டெல்டாவில் ‘சபுராளி’ என்று அழைக்கப்படும், ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை ஊர் வரும் அந்த மனிதர், பெருநாளுக்கும் பொங்கலுக்கும் டிக்கெட் விலை ஏறும்போது கொழும்பு வழியாகவோ சென்னை, கொச்சி வழியாகவோ சுற்றிக்கொண்டு வருகிறார்.

காரணம் மறுபடியும் பட்டியல். துபாயோடு உள்ள ஒப்பந்தம் வாரத்துக்கு ஒவ்வொரு தரப்புக்கும் ஏறக்குறைய 66,000 இருக்கைகள் என்ற அளவில் பத்தாண்டாக நின்றுவிட்டது. எமிரேட்ஸ் இந்தியாவில் ஒன்பது ஊர்களுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டும். பெருநகரம் அல்லாத ஊர்களைப் புதிதாக எந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொதுவாகத் திறப்பதில்லை என்பதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை, சார்க் நாடுகளுக்கும் தில்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளுக்கும் பரஸ்பர அடிப்படையில் வானத்தைத் திறந்துவிட்டது. நடுவில் கிடக்கும் வளைகுடாவுக்குத்தான் பூட்டு.

பூட்டுக்கு ஒரு வாதம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. துபாய், தோஹா நிறுவனங்கள் இந்தியப் பயணிகளைத் தங்கள் நகரங்களுக்கு அள்ளிக்கொண்டுபோய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் மாற்றிவிடுகின்றன. அப்படியே விட்டால் இந்திய நிறுவனங்கள் நெடுந்தூரச் சேவையை வளர்க்க முடியாது. தில்லியும் மும்பையும் உலகச் சந்திப்பு நிலையங்களாக ஆகவே ஆகாது. இந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் திருச்சிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வாதம் நிற்பதில்லை. இங்கிருந்து ஷார்ஜாவுக்கோ தோஹாவுக்கோ போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். மேற்கே போகிறவர்களோ இப்போதே கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகத்தான் மாறிப் போகிறார்கள். வெளிநாட்டுச் சந்திப்பு நிலையத்துக்குப் பயணி போவது தவறென்றால் கிழக்கே திறந்த கதவு ஏன் இருபதாண்டாகத் திறந்தே இருக்கிறது? கிழக்கே சரி, மேற்கே தவறு என்பதற்குத் தர்க்கம் இல்லை.

அரசு நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பழைய நியாயமும் காலாவதியாகிவிட்டது. வளைகுடாத் தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் சேவை தரவென்றே அரசு 2005-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைத் தொடங்கியது. 2022 ஜனவரி 27 முதல் அது டாடா குழுமத்தின் சொத்து. ஒரு தனியார் நிறுவனத்தைப் போட்டியிலிருந்து காப்பாற்றும் செலவைத் துபாயில் சாரம் கட்டுகிறவர் தன் டிக்கெட்டில் கொடுக்க வேண்டும் என்று எந்த அரசும் வெளிப்படையாகச் சொல்லாது. நடப்பது அதுதான்.

இந்தப் பூட்டு ஒரு விமான நிலையத்தை எப்படி முடக்கும் என்பதற்குக் கேரளத்தின் கண்ணூர் சாட்சி. 2018 டிசம்பர் 9-இல் அங்கே முதல் விமானம் அபுதாபிக்குப் பறந்தது. ஓடுதளம் 3,050 மீட்டர். எரிபொருள் வரியை மாநில அரசு அங்கே ஒரு விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. சுற்றிலும் வளைகுடாக் குடும்பங்கள். என்ன குறை? பாயிண்ட் ஆஃப் கால் தரப்படவில்லை, எனவே வெளிநாட்டு நிறுவனம் வரவில்லை. இருந்த இந்திய நிறுவனங்களில் முக்கியமான கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவாலாகித் தரையில் நின்றதும் கண்ணூரின் சேவைகள் ஒரே நாளில் சுருங்கின. நாடாளுமன்ற நிலைக்குழு அந்த ஊருக்காகப் பரிந்துரைத்தும் பூட்டு திறக்கவில்லை. வரியைக் குறைத்தும், நீளமான ஓடுதளம் அமைத்தும், கட்டடம் கட்டியும் ஒரு மாநிலம் செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்த பின்பு, ஒரு கையெழுத்துக்காக அந்த ஊர் காத்துக்கொண்டிருக்கிறது.

ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் ஆபத்தைச் சொல்ல அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. யுஎஸ் ஏர் நிறுவனத்தின் தேவைக்கேற்ப ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவில் 1992-இல் அங்கே புதிய முனையம் கட்டினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் ஆண்டுக்கு இரண்டு கோடிப் பயணிகள். 2004-இல் அந்த நிறுவனம் தன் மையத்தை அங்கிருந்து எடுத்துவிட்டது. பத்தாண்டுக்குள் பயணிகள் எண்பது லட்சத்துக்கும் கீழே போனார்கள். வாயில்கள் வரிசையாக மூடப்பட்டன. பெரிய நிறுவனம் விலகிய மறு ஆண்டே குறைந்த கட்டண நிறுவனமான சவுத்வெஸ்ட் வந்தது, கட்டணங்கள் இறங்கின என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு அந்த ஊர் புத்தி மாற்றிக்கொண்டது. எந்த ஊருக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்ற கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நிறுவனங்களைத் தேடிப்போனார்கள். லண்டன் சேவைக்காகப் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு இரண்டாண்டுக்கு 30 லட்சம் டாலர் கொடுத்து 2019-இல் வரவழைத்தார்கள். 2025-இல் திறந்த புதிய முனையம் பழையதைவிடச் சிறியது, உள்ளூர்ப் பயணிகளின் அளவுக்குத் தைத்தது.

இந்திய வானத்தில் இப்போது இண்டிகோவின் பங்கு அறுபது விழுக்காட்டுக்கும் மேல். ஏர் இந்தியா குழுமத்தையும் சேர்த்தால் பத்துப் பயணிகளில் ஒன்பது பேர் இரண்டு கைகளில். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புதிய விதிகளுக்கு இண்டிகோ தயாராகாமல் இருந்ததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. தில்லியில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்த நிறுவனத்தின் கவுன்டர் பக்கத்தில் இருக்கும். நடுத்தர நகரத்தில் பக்கத்துக் கவுன்டர் பல தடங்களில் கிடையாது. போட்டி என்பது மலிவு டிக்கெட்டுக்கு மட்டும் வேண்டியதில்லை. ஒருவர் விழுந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

போட்டியை மானியத்தால் உண்டாக்க முடியுமா? சிறு ஊர்களுக்கு விமானம் கொண்டுவர ஒன்றிய அரசு தொடங்கிய உடான் திட்டம் அதைச் செய்து பார்த்தது. ஏலத்தில் தடத்தை எடுக்கும் நிறுவனத்துக்கு மூன்றாண்டு மானியம், அந்தத் தடத்தில் தனியுரிமை, பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023-இல் கொடுத்த அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் தொடங்கியவை 371. மூன்றாண்டை முடித்தவை 112. மானியம் நின்ற பின்னும் ஓடியவை 54. சேலம் இந்தக் கதையை நேரில் பார்த்த ஊர். முன்பு கிங்ஃபிஷர் வந்தது, நின்றது. 2018 மார்ச்சில் உடான் வழியாக ட்ரூஜெட் வந்தது, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. மானியம் விமானத்தைக் கொண்டுவரும். தங்கவைப்பது தேவையும், மறுநாள் காலை திரும்பிவர வசதியான நேரமும்தான்.

அப்படியொரு தேவை திருச்சிக்குக் கிழக்கே புதிதாகத் துளிர்த்திருக்கிறது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து தொடங்கி, 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் போகத் தொடங்கியது. போர் பிரித்து வைத்திருந்த இரண்டு கரைகளுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் குடும்பங்கள் திருவரங்கம் வந்து, அப்படியே நல்லூருக்கும் போகலாம். எந்த மானியப் பட்டியலும் யோசிக்காத தடம் இது.

கட்டடத்துக்கு வருவோம். ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2-இல் திறந்துவைத்தார். ஜூன் 11 முதல் அது பயன்பாட்டுக்கு வந்தது. கோபுர வடிவமும் கோலமும் சுவரோவியமும் கொண்ட, ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரைத் தாங்கும் அழகிய கட்டடம். அதன் வெளியே ஓடுதளம் இன்னும் 2,480 மீட்டர். 2025 ஜூலையில் புதுப்பொலிவு பெற்ற தூத்துக்குடியின் ஓடுதளமோ 3,115 மீட்டர். அகன்ற உடல் விமானங்கள் முழுச் சுமையோடு கோடை வெயிலில் எழும்புவதற்குத் திருச்சியின் நீளம் போதாது. நீட்டிப்புக்கான நில எடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது. ஏர் அரேபியா, ஃபிளைதுபாய், ஜசீரா, சலாம் ஏர் போன்ற வளைகுடாவின் குறைந்த கட்டண நிறுவனங்கள் இயக்குவது ஏ320, 737 வகை விமானங்களைத்தான். அவை இன்றைக்கே இந்த ஓடுதளத்தில் இறங்கலாம்.

தில்லிக்கும் இதில் பெரிய இழப்பில்லை. மொத்த இருக்கைகளின் எண்ணிக்கையை ஒன்றுகூட உயர்த்த வேண்டாம். இருக்கும் ஒதுக்கீட்டுக்குள் எந்த ஊரில் இறங்குவது என்பதை மட்டும் நிறுவனமே தேர்ந்துகொள்ளட்டும். மும்பைக்குப் போகும் ஆயிரக்கணக்கான இருக்கைகளில் சிலவற்றைத் திருச்சிக்குத் திருப்புவது லாபம் என்று ஒரு நிறுவனம் கருதினால் வரட்டும். இல்லையென்றால் வராமல் போகட்டும். தில்லி, மும்பை சந்திப்பு நிலையங்களைப் பற்றிய கவலைக்கு இதனால் கூடுதல் காயம் எதுவும் இல்லை. கண்ணூருக்கும் மதுரைக்கும் இதே வழி பொருந்தும்.

தமிழ்நாடு அரசு செய்யக்கூடியது எரிபொருள் வரி. சென்னைக்கு விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி ஆகிய நான்குக்கும் கேரளம் செய்ததுபோல் 5 விழுக்காட்டுக்கு இறக்கலாம். இந்த ஊர்களில் உள்நாட்டு விமானங்கள் நிரப்பும் எரிபொருள் சென்னையோடு ஒப்பிட்டால் சிறிது. இழப்பும் அந்த அளவே. நகரத்தின் வணிகர் சங்கங்களும் கல்லூரிகளும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டெல்டாவிலிருந்து எந்த ஊருக்கு, எந்த மாதத்தில், எத்தனை பேர், எந்த வழியாகப் போகிறார்கள் என்ற கணக்கை எடுத்து வெளியிடுவது. பயண முகவர்களின் கையில் அந்த எண்கள் சிதறிக் கிடக்கின்றன. விமான நிறுவனத்தின் திட்டப் பிரிவில் மனுவுக்கு மதிப்பில்லை, எண்ணுக்கு உண்டு.

வளைகுடா நாடுகளோடு அடுத்த பேச்சுவார்த்தை நடக்கும்போது, 2003-இல் கிழக்குக்குத் திறந்ததுபோல், இருக்கும் ஒதுக்கீட்டுக்குள் திருச்சியை மேற்குக்கும் திறக்கும்படி, டெல்டா மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஒன்றாகச் சேர்ந்து, புதிய முனையத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது காட்டிக் கேட்க வேண்டும். அந்த ஊர்ப்பட்டியலில் ‘திருச்சிராப்பள்ளி’ என்ற ஒரு பெயர் சேர வேண்டும். இந்த அவையில் இருப்பவர்கள் தங்கள் தொகுதியின் உறுப்பினருக்கு அதை எழுதிக் கேட்க வேண்டும் என்பதே இந்த உரையின் வேண்டுகோள்.